சூடம் அணைத்தவன் கார்

மஞ்சள் நிறக் கார் ஒன்று ஆலங்குடி ரோட்டில் விக்கி விக்கி வந்துகொண்டிருந்தது. ரெண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, பின்னால் ஒரு இறக்கை வேறு. அசல் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதை டவுன் பஸ் முந்தியது, டிராக்டர் முந்தியது, பால் கேன் கட்டிய மொபெட்காரர் ஒருவர் முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். திருவரங்குளத்தில் தன் ஷெட் வாசலில் நின்று இதைப் பார்த்த சிவரஞ்சனிக்குக் குளுகுளு என்று இருந்தது. எவ பெத்த பிள்ளையோ, நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கார் திணறிக்கொண்டே அவள் ஷெட்டுக்குள் திரும்பி நின்று, ஆள் இறங்கின பிறகுதான் தெரிந்தது, அது அவளைப் பெத்தவள் பெத்த பிள்ளை.

அண்ணன் உதயசூரியன்.

அண்ணனும் தங்கையும் பேசி ஆறு வருசம் ஆகிறது. அவள் கிறிஸ்தவனான ஜெபக்குமாரைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, வேதக்காரனோடு போனவள் எனக்குத் தங்கச்சியே இல்லை என்று வல்லத்திராக்கோட்டை அய்யனார் கோயிலில் ஊர் பார்க்கச் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவன் அவன். அவள் வாசற்படி மிதிக்க மாட்டேன், அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன். வெறும் வாயால் சொன்னதை மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். சூடம் அணைத்துச் சொன்னதை அப்படி மாற்ற முடியாது, சாமி கேட்கும். அதற்கப்புறம் அவன் குவைத்தில் சம்பாதித்தான், ஊருக்கு வந்து போர்வெல் லாரி விட்டான், இந்தக் காரைக் கொச்சியில் யாரிடமோ பழசாக வாங்கினான். கோபத்தை மட்டும் புதுசாகவே வைத்திருந்தான்.

வீட்டில் அம்மா பொன்னுத்தாய் மகளோடு ஒளிந்து பேசுகிறாள் என்று தெரிந்த அன்று, அவள் போனைப் பிடுங்கித் துவைக்கிற கல்லில் அடித்து உடைத்தான். இன்னொரு தடவை அவளோடு ஏதாவது வைத்துக்கொண்டால் நீயும் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றான். சொன்னால் செய்கிறவன்தான். பொன்னுத்தாய்க்குப் போக்கிடம் மகள் வீடு ஒன்றுதான். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் மகனை ஒரேயடியாகத் தலைமுழுக வேண்டியதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டாள். மகள் குரலைக் கேட்காமல் இருக்க முடியாதபோது, அடுத்த வீட்டுக்காரி சின்னப்பிள்ளையின் போனை இரவல் வாங்கிக் கொல்லைப்பக்கம் போய்ப் பேசுவாள். அதிகம் பேச மாட்டாள், மூக்கை உறிஞ்சுவாள்.

காரின் அந்தப் பக்கத்துக் கதவு திறந்து, பள்ளத்திலிருந்து ஏறுகிறவர் மாதிரி அடைக்கலம் எழுந்து வந்தார். உதயசூரியனின் லாரி ஓட்டுகிறவர், எடுபிடி, எல்லாம். வயதில் மூத்தவர். ஆனாலும் சம்பளம் கொடுக்கிறவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"இந்த எடம்னு ஏன்யா சொல்லல?" என்று உதயசூரியன் பல்லைக் கடித்தான்.

"சொன்னா வந்திருப்பீங்களாண்ணே? இந்தச் சுத்து வட்டாரத்துல இந்த மாதிரி காருக்கு லேப்டாப் போட்டுப் பாக்க வேற ஆளு இல்லண்ணே. மெட்ராஸ்ல கேட்டா லாரியில ஏத்தி அனுப்பு, பாக்குறோம்னுட்டான்."

அது உண்மை. புதுக்கோட்டையில் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் ரேஸ் கார்களுக்கு லேப்டாப் மாட்டிப் பழகியவள் சிவரஞ்சனி. ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கிற வேலை ஜெபக்குமாருக்கு, லேப்டாப் வேலை அவளுக்கு. அன்றைக்கு அவன் சாமான் வாங்கத் திருச்சிக்குப் போயிருந்தான். ஷெட்டுக்கு வாசற்படி கிடையாது, சாய்தளம்தான். சத்தியத்தில் பாதி அப்படித் தப்பித்தது.

"என்ன கம்ப்ளெயிண்ட்டுன்னு கேளுங்கண்ணே" என்றாள் அவள், அடைக்கலத்தைப் பார்த்து. அண்ணன் கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றான்.

"என்ன கம்ப்ளெயிண்ட்டுன்னு தங்கச்சி கேக்குது."

"எங் காதுல விழுந்துச்சு. மஞ்ச லைட்டு எரியுதுன்னு சொல்லு. மிதிச்சா ஏற மாட்டேங்குதுன்னு சொல்லு."

"மிதிச்சா ஏறலையாம் தங்கச்சி."

"எப்பலேருந்துன்னு கேளுங்க."

இதற்கு அடைக்கலம் யாரையும் கேட்கவில்லை, அவருக்கே தெரியும். "முந்தாநாளு வாட்டர் வாஷ் பண்ணுனதுலேருந்துதான். கல்யாணத்துக்குன்னு பம்பு வச்சு அடிச்சுக் கழுவுனேன்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யாருக்குக் கல்யாணம்?"

உதயசூரியன் ரோட்டைப் பார்த்தான்.

"அண்ணனுக்குத்தான்" என்றார் அடைக்கலம் கடைசியில். "வர்ற வெள்ளிக்கிழமை."

கூடப் பிறந்தது ஒரே ஒருத்தி, அவளுக்கு ஒரு லாரி டிரைவர் வாய் தவறிச் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. அம்மாகூடப் போனில் மூக்கை உறிஞ்சினாளே தவிர இதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை தாலியில் முடிச்சுப் போடும்போது, பின்னால் நின்று மூணாவது முடிச்சைப் போடுகிறவள் அவன் கூடப் பிறந்தவள்தான். சின்ன வயசில் அதற்காகவே அவன் கல்யாணத்துக்குப் பட்டுப் பாவாடை நிறம் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவள் அவள். இவ்வளவுக்குப் பிறகும், கல்யாணம் என்று வந்தால் மனசு இளகி ஆள் விட்டுக் கூப்பிடுவான் என்று ஒரு நினைப்பு அவளுக்குள் ஓரமாகக் கிடந்தது. வெட்கம் கெட்ட நினைப்பு.

"மூணாவது முடிச்சு யாரு போடுறாங்கன்னு கேளுங்கண்ணே."

"சித்தப்பா மக இருக்கான்னு சொல்லு. வேலையைப் பாக்கச் சொல்லு."

அடைக்கலம் ரெண்டையும் சொல்லவில்லை.

சிவரஞ்சனி காருக்குள் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஒயரை மாட்டினாள். மறுமுனையை லேப்டாப்பில் செருகி, அதைச் சீட்டின் விளிம்பில் வைத்தாள். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, குளிர் ஜுரம் வந்தவன் நடுக்கம் மாதிரி ஒரு நடுக்கத்தோடு. காரில் என்ஜினுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று தனித்தனியாகக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் உண்டு. லேப்டாப் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு உனக்கு என்ன கோளாறு என்று கேட்கும், அது சொல்லும். பிரேக் சொன்னது, நன்றாக இருக்கிறேன். கியர் சொன்னது, நான் நன்றாக இருக்கிறேன், என்ஜின்தான் சரியாகப் பேச மாட்டேன் என்கிறது. என்ஜின் கம்ப்யூட்டர் மட்டும் ஒரே மூச்சில் இருபது புகார் சொன்னது. காற்று அளக்கிற சென்சார் சரியில்லை, சூடு அளக்கிறது சரியில்லை, மிதி சரியில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத புகார்கள்.

அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. இத்தனை சென்சாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் சாகாது. எல்லா ஒயரும் வந்து சேருகிற இடத்தில்தான் வில்லங்கம். அடுத்த பக்கத்தைத் திறக்க அவள் விசையைத் தட்டினாள். அந்த நிமிசம் பார்த்து என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோனது.

சாவியைத் திருகிப் பார்த்தாள். சத்தமே இல்லை. என்ஜினோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று லேப்டாப்பில் சிவப்பு எழுத்து வந்தது.

"ஏண்டி!"

ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. "ஏண்டி, என்னடி பண்ணுன என் காரை? வரும்போது ஓடுன வண்டிடி இது! வயித்தெரிச்சல்லதானே பண்ணுன?"

அடைக்கலத்துக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணே" என்றார் மெதுவாக. "பேசிட்டீங்கண்ணே."

ஆறு வருசம் காத்த சத்தியம் போய்விட்டது உதயசூரியனுக்கே அப்போதுதான் உறைத்தது. வேறு ஆளாக இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பான். இவனுக்கு அந்தக் கோபமும் சேர்ந்து அவள் மேலேயே திரும்பியது.

"ஆமாய்யா, பேசிட்டேன்! இவதான் பேச வச்சா! சத்தியத்தையும் கெடுத்தா, வண்டியையும் கெடுத்தா! குடும்பத்து மானத்த வாங்குனது பத்தாதா ஒனக்கு?" கதவுக்குள் கையை விட்டு ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். ஒயரோடு லேப்டாப்பும் வந்து சிமிண்டுத் தரையில் மூலை குத்தி விழுந்தது.

சிவரஞ்சனி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். திரையில் குறுக்கே ஒரு விரிசல். எழுத்து தெரிந்தது, உயிர் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஸ்பேனரை எடுத்து அவன் மண்டையில் போடலாமா என்றுதான் வந்தது.

"ஒங்க காசுல வாங்குனதில்ல இது" என்றாள். "எடுத்துப் போட்டு ஒடைச்சாப் பொறுத்துக்க நான் அம்மாவும் இல்ல."

"வாயப் பாரு! வெள்ளிக்கிழமை மண்டபத்துப் பக்கம் ஒன் நெழல் பட்டுச்சுன்னா கால ஒடிச்சுக் கையில குடுத்துருவேன், தெரிஞ்சுக்க. ஒன்னைய மாதிரி ஒருத்தி பொறந்ததே எங்க வீட்டுல யாருக்கும் ஞாபகம் இல்ல."

ரோட்டில் போனவர்கள் வண்டியை ஓரம் கட்டி வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் தெம்பு வந்தது. போனை எடுத்துக் காட்டினான். மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள், டிராவல்ஸ்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் அது. சிவரஞ்சனிக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி அதன் வழியாகத்தான் வருகிறது. "இப்ப ஒரு வாய்ஸ் போட்டேன்னா நாளைக்கு ஒரு பய ஒன் ஷெட்டுக்கு வரமாட்டான். பாக்குறியா?"

"போடுங்க. அதுக்கு முன்னாடி நகருங்க, பானெட்டைத் தெறக்கணும்."

"தொடாத என் காரை!"

"தொடலேன்னா வல்லத்திராக்கோட்டை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போங்க. மாப்பிள்ளைக்கு நல்லாருக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் நகர்ந்தான், ஆனால் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை.

பானெட்டுக்குள், கண்ணாடியை ஒட்டின மூலையில், மூடி போட்ட கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. என்ஜின் கம்ப்யூட்டரும் அதற்கு வருகிற ஒயர் எல்லாமும் அதற்குள்தான். தண்ணீர் போகாமல் இருக்க மூடியைச் சுற்றி ரப்பர் உண்டு. அந்த மூடி ஒரு பக்கம் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது. சிவரஞ்சனி கிளிப்பை நெம்பித் திறந்து டார்ச்சை அடித்தாள். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. இணைப்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அந்த முனைகளுக்கு மேல், மூடியை உட்காரவிடாமல், ஈரத்தில் ஊறிப்போய் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது.

சாமிக்குக் காசு முடிந்து வைக்கிற முடிச்சு. மஞ்சள் தண்ணியில் முக்கிய துணியில் ஒரு காசை வைத்து, வேண்டுதலைச் சொல்லி இறுக்கி முடிவார்கள். வேண்டினது நடந்தால்தான் அவிழ்ப்பார்கள்.

மஞ்சளுக்கு அடியில் துணியின் ஓரம் கத்திரிப்பூ நிறத்தில் தெரிந்தது. அந்தக் கரையை அவளுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் வாங்கிய முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு அவள் எடுத்துக் கொடுத்த சேலை.

முதுகுக்குப் பின்னால் அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். மூடி தூக்கிக்கிட்டு நின்னுச்சே, யாருடி என் வண்டியில கைய வச்சது, எவனா இருந்தாலும் கைய ஒடிப்பேன் என்கிறான். இதை எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்தால் போதும். இந்தா, ஒன் வீட்டுக்குள்ள இருக்கிறவங்க வச்ச முடிச்சு, இதுதான் ஒன் காரைக் கெடுத்தது என்று கூட்டத்துக்கு முன்னால் சொல்லலாம். ஷெட்டின் பெயர் தப்பிக்கும், அவன் மானம் கப்பலேறும். ஆனால் இன்று சாயங்காலம் துவைக்கிற கல்லில் அவன் போட்டு உடைக்க அந்த வீட்டில் இனிப் போன் இல்லை. அம்மாதான் இருக்கிறாள்.

சிவரஞ்சனி முடிச்சை மேல்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தண்ணீரைத் துடைத்து, ஸ்பிரே அடித்துக் களிம்பைப் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துக் காயவிட்டாள். அவசரப்படவில்லை, அவனுக்காக வேலையைக் கெடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. மூடி இப்போது நறுக்கென்று உட்கார்ந்தது. விரிசல் விட்ட லேப்டாப்பை மறுபடி மாட்டினாள். பிரேக் பதில் சொன்னது, கியர் சொன்னது, என்ஜினும் சொன்னது. பழைய புகாரையெல்லாம் அழித்துவிட்டுச் சாவியைத் திருகினாள். மஞ்சள் கார் ஒரு உறுமு உறுமியதில் வேடிக்கை பார்த்தவர்கள் ரெண்டடி பின்னால் போனார்கள்.

"என்ன இருந்துச்சு உள்ள?" என்றான் உதயசூரியன். நேரடியாகத்தான் கேட்டான், போன சத்தியம் போனதுதானே.

"தண்ணி."

"தண்ணி எப்படிப் போச்சு? மூடியத் தெறந்தது யாரு?"

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார். வண்டிக்குப் பூசை போட்ட அன்று ஹாரன் பியூஸைப் பார்க்க அந்த மூடியைத் திறந்தவர் அவர்தான். திறந்து வைத்துவிட்டுத் தேங்காய் உடைக்கப் போனவரும் அவர்தான். அவர் பார்வை சிவரஞ்சனியின் கோட்டுப் பைக்குப் போய்த் திரும்பியது.

"எலி" என்றாள் சிவரஞ்சனி. "எலி மூடியத் தூக்கிருக்கு."

"என் வீட்டுல ஏதுடி எலி? டைல்ஸ் போட்ட ஷெட்டு! எலி ஓடுறது இந்தத் தகரக் கொட்டாயிலதான்."

"ஆமா. இங்க உள்ள எலிதான்."

"என்னது?"

"இங்க உள்ள எலிதான்னு சொல்றேன். வந்து நின்ன நேரத்துல பூந்திருச்சு. தப்பு எங்க மேலதான். போதுமா?"

வந்து நின்ற நேரத்துக்குள் எலி புகுந்து களிம்பு பூக்குமா என்று கூட்டத்தில் ஒரு ஆள் கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. உதயசூரியனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எல்லாருக்கும் வணக்கம். திருவரங்குளத்துல லேப்டாப் போட்டுப் பாக்குற ஷெட்டுன்னு ஒண்ணு இருக்கு. யாரும் அங்கிட்டுப் போயிராதீங்க. ஓடுற வண்டிய நிப்பாட்டுறாங்க. தப்புன்னு அவளே ஒத்துக்கிட்டா."

அனுப்பினான். ஏறினான். அடைக்கலம் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். "தங்கச்சி..." என்றார்.

"போங்கண்ணே" என்றாள் அவள்.

கார் போன பிறகு, கூட்டமும் கலைந்தது. சிவரஞ்சனி ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். மறுநாள் ரெண்டு வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்த ஆலங்குடி டிராவல்ஸ்காரர், இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் சொல்கிறேன் என்று போட்டிருந்தார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சின்னப்பிள்ளையின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"ரஞ்சனி, நாந்தான். அவன் அங்கிட்டு வந்தானாமே? அடைக்கலம் சொல்லிட்டுப் போறான்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "ஒங்கிட்ட பேசினானா?"

"பேசினான்மா."

"நேராவா? ஒன் மூஞ்சியப் பாத்தா?"

"நேராத்தான்."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. இது வழக்கமான மூக்குறிஞ்சல் இல்லை. "நான் காசு முடிஞ்சேன் ஆத்தா. நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும்னு முடிஞ்சேன். அய்யனாருகிட்டதான் அவன் சூடம் அணைச்சான், அவருகிட்டயே போயி அதை மாத்துங்கன்னு எப்படிக் கேக்குறது? அதான் ஒன் ஊரு சிவனுக்கு நேந்துக்கிட்டேன். வீட்டுல வச்சா அவன் கண்ணுல பட்டுரும். பூசை அன்னிக்கு அவன் வண்டியில ஒரு பொட்டி தெறந்து கெடந்துச்சு, அதுக்குள்ள வச்சு மூடிட்டேன். அவன் எங்க போனாலும் கூடவே போகும்ல? பாத்தியா, நேரா ஒங்கிட்டயே கூட்டியாந்துருச்சு."

"ஆமாம்மா."

"என்ன பேசினான்? சொல்லு, நானும் கேக்குறேன்."

சிவரஞ்சனி லேப்டாப்பின் விரிசலை விரலால் தடவினாள். "நெறையப் பேசினான்மா."

"கல்யாணத்தப் பத்திச் சொன்னானா?"

"சொன்னான். வெள்ளிக்கிழமைன்னு."

"அப்பாடி!" என்றாள் பொன்னுத்தாய். அவள் இவ்வளவு வாய்விட்டுப் பேசி வருசக்கணக்கு ஆகியிருந்தது. "அந்தச் சித்தப்பா மகள நிக்கச் சொல்லிருந்தான், இனிமே எதுக்கு அவ? மூணாவது முடிச்சுக்கு நீதான் நிக்கணும். நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வா. வருவேல்ல?"

வரமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். "பாக்குறேன்மா, வேலை இருக்கு" என்றாள்.

"என்னடி பெரிய வேலை? சரி, அந்தக் காசு அவன் வண்டியில கெடக்கே, அதை எப்படி நான் எடுக்க? பலிச்ச வேண்டுதல வச்சிருக்கக் கூடாது."

"எங்கிட்டதாம்மா இருக்கு. நான் போட்டுர்றேன்."

சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு, கிரீஸ் அப்பிய கோட்டோடேயே சிவன் கோயிலுக்குப் போனாள். முடிச்சு ஈரத்தில் இறுகிப்போய் விரலுக்கு மசியவில்லை. உண்டியல் பக்கத்தில் நின்று பல்லால் கடித்து அவிழ்த்தாள். வாயெல்லாம் மஞ்சளும் வண்டிக் களிம்பும் கசந்தது. ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றுதான் அம்மா கேட்டிருந்தாள், என்ன வார்த்தை என்று சொல்லவில்லை. சாமியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காசை உண்டியலில் போட்டாள். கத்திரிப்பூக் கரைத் துணியை மட்டும் மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.